பாசிக்கு ஓர் அடைக்கலம்

ஜூன் 4, புதன்

புதிதாகக் கடல்மீன் தொட்டி வைப்பவர்கள் நாட்குறிப்பு எழுதியே ஆக வேண்டும் என்று யூடியூபில் ஓர் ஆஸ்திரேலியர் சொன்னார். தண்ணீரின் உப்பளவு, நைட்ரேட், மீன்களின் மனநிலை எல்லாவற்றையும் எழுதி வைத்தால்தான் எது எப்போது கெட்டது என்று பின்னால் தெரியுமாம். ஆகவே எழுதுகிறேன்.

பெயர் எமில் துரைசிங். பல் மருத்துவர். ஊர் தூத்துக்குடி. கீழே கிளினிக், மாடியில் வீடு. மனைவி ஹெப்சியும் பல் மருத்துவர். வாசல் பலகையில் இருவர் பெயரும் இருக்கிறது. என் பெயர் மேலே.

தொட்டி காத்திருப்பு அறையின் நீளச் சுவரில் வந்து அமர்ந்துவிட்டது. மேலே பவளமும் மீன்களும் வரும். கீழே, அலமாரிக்குள், வெளியே தெரியாத இன்னொரு தொட்டி. விசேஷமே அதுதான். மேலே மீன்கள் போடும் கழிவெல்லாம் குழாய் வழியாகக் கீழே வரும். அங்கே விளக்குப் போட்டுக் கடல்பாசி வளர்த்தால் அது கழிவைத் தின்று தண்ணீரைச் சுத்தமாக்கி மேலே அனுப்பும். பாசிக்குள் பொடிப்பொடி உயிர்கள் மீன் வாயில் படாமல் பெருகும். ஆங்கிலத்தில் ரெஃப்யூஜியம் என்பார்கள். நான் அடைக்கலத் தொட்டி என்று பெயர் வைத்திருக்கிறேன். உப்பும் பாசியும்தான் இன்னும் வரவில்லை.

ஹெப்சி பார்த்தாள். “எக்ஸ்ரே மெஷின் இந்த வருஷமாவது வருமான்னு நெனச்சேன்” என்றாள்.

இதுவும் ஒரு வகையில் மருத்துவ உபகரணம்தான், மீனைப் பார்த்துக்கொண்டிருந்தால் நோயாளிக்கு ரத்த அழுத்தம் குறையும் என்று விளக்கினேன். உள்ளே போய்விட்டாள். புரிந்துகொண்டாள் என்று நினைக்கிறேன்.

எதிர்ப்பக்கம் ஏப்ரலில் டாக்டர் இசக்கிராஜன் என்று ஒரு பையன் கிளினிக் திறந்திருக்கிறான். எட்டிப் பார்த்தேன். வெறும் நாற்காலிகள். நம்மிடம் கடல் இருக்கிறது.

ஜூன் 7, சனி

உப்பு வந்தது. இஸ்ரேல் உப்பு. வரவேற்பில் இருக்கும் மாரிக்கனி பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“சார், நம்ம ஊர்ல இருந்துக்கிட்டு உப்பை வெளிநாட்டுல இருந்தா வாங்குதீங்க?”

“இது கடல் உப்பும்மா.”

“அப்ப நம்ம உப்பு?”

இவளுக்கு விளக்க ஆரம்பித்தால் மாலை ஆகிவிடும். துறைமுகத்தை ஒட்டிய தண்ணீர் பவளத்துக்கு ஆகாது என்று மட்டும் சொன்னேன். கடல் இங்கிருந்து பைக்கில் ஐந்து நிமிடம். அது இருக்கும் திசையைப் பார்த்தபடியே நல்ல தண்ணீரில் அயல்நாட்டு உப்பைக் கரைத்துக் கடல் செய்தேன். ஒரு மனநிறைவு இருந்தது.

உப்பளவு பார்க்கும் கருவியில் கண்ணாடி மேல் ஒரு சொட்டு விட வேண்டும். மாரிக்கனியையே விடச் சொன்னேன். அவளும் ஒரு வேலை கற்றுக்கொள்ளட்டும்.

ஜூன் 12, வியாழன்

தொட்டி வேலை செய்யத் தொடங்கிவிட்டது. காலையில் காத்திருப்பு அறையில் உட்கார இடமில்லை. வந்தவர்கள் எல்லோரும் ஹெப்சியைப் பார்க்க வந்தவர்கள் என்பது வேறு விஷயம். அத்தனை நேரம் பொறுமையாகக் காத்திருந்தது புதிதாக வந்த இரண்டு கோமாளி மீன்களால்தான்.

“சார், ஒங்க ரூம் சும்மாதான கெடக்கு? நாலு பேரை அங்க அனுப்பட்டுமா?” என்று மாரிக்கனி கேட்டாள்.

பவளத்தைத் தொட்ட கையால் எப்படிப் பல் பார்ப்பது? சுகாதாரம் என்று ஒன்று இருக்கிறதே. எல்லோரையும் டாக்டரம்மாவிடமே அனுப்பச் சொன்னேன்.

நோயாளிகள் அவளை டாக்டரம்மா என்கிறார்கள். என்னை சார் என்கிறார்கள். எனக்குக் கொஞ்சம் மரியாதை கூடுதல்.

ஹெப்சி மத்தியானச் சாப்பாட்டுக்கு வரும்போது மூன்று மணி தாண்டிவிட்டது. கழுத்தைப் பிடித்துக்கொண்டே சாப்பிட்டாள். நேரத்துக்குச் சாப்பிடு என்று எத்தனை முறை சொல்வது?

ஜூன் 20, வெள்ளி

பாறைகள் மேல் பச்சையாகத் தலைமுடி போல ஏதோ முளைத்திருக்கிறது. இது கெட்ட பாசி. மீன் கழிவால் வரும் நைட்ரேட் எகிறியிருக்கிறது. இதை ஒழிக்க நல்ல பாசி வேண்டும். பச்சை நூலைச் சுருட்டிப் பந்தாக்கியது போல ஒன்று இருக்கிறது, கீட்டோ என்கிறார்கள். பெங்களூரில் ஒருவர் விற்கிறார். ஆர்டர் போட்டாயிற்று.

“வேண்டாத பாசியை ஒழிக்கப் பாசியை விலைக்கு வாங்குதீங்க” என்றாள் ஹெப்சி.

ஆமாம் என்றேன். கிண்டல் என்று மாடி ஏறும்போதுதான் தோன்றியது.

ஜூன் 24, செவ்வாய்

வெள்ளிக்கிழமை அனுப்பிய பார்சல் மதுரையில் சனி ஞாயிறு தங்கி இன்று வந்தது. கூரியர் அலுவலகத்தில் அதை வாசலுக்கு வெளியே, தனியாக ஒரு கல் மேல் வைத்திருந்தார்கள்.

“சார், உள்ள என்னமோ செத்துப்போச்சு போல. நாங்க யாரும் ஒண்ணும் கேக்க மாட்டோம். கையெழுத்துப் போட்டு எடுத்துட்டுப் போயிருங்க.”

வீட்டில் பிரித்தேன். பச்சைப் பந்து இல்லை. கீரைக் கடைசலுக்கும் சாக்கடைக்கும் நடுவில் ஒன்று. மாரிக்கனி ஊதுபத்தி ஏற்றினாள். காத்திருப்பு அறையில் இருந்த ஒரு பெரியவர், “பல்லு வலி பரவால்லம்மா, நான் பொறவு வாரேன்” என்று எழுந்து போனார்.

டீ கொட்டி இந்தப் பக்கத்தின் மூலை நனைந்துவிட்டது. கப் ரொம்பச் சூடு.

ஜூலை 2, புதன்

பெர்னார்டு கொரேரா அண்ணன் கிடைத்தது என் பாக்கியம். துறைமுகத்தில் கிளியரிங் ஏஜெண்ட். நம் ஊர்க் கடல் தொட்டிக்காரர்களின் வாட்ஸாப் குழுவுக்கு அவர்தான் அட்மின். என்னையும் சேர்த்து இப்போது நான்கு பேர். அதில் ஒருவர் மஸ்கட் போய்விட்டார், இன்னொருவர் தொட்டியை விற்றுவிட்டார்; ஆனாலும் காலை வணக்கம் தவறாமல் போடுகிறார்கள்.

கீட்டோ செத்ததைக் கேட்டு அண்ணன் சிரித்தார். “பெங்களூர்ல கடல் எங்கப்பா இருக்கு? நம்மகிட்ட இல்லாத பாசியா? என் தொட்டியில கௌலர்ப்பா காடு மாதிரி கெடக்கு. தாரேன்.”

ஜூலை 6, ஞாயிறு

பாசி வந்தது.

கொரேரா அண்ணன் ஆராதனை முடித்து, கோட்டைக்கூடக் கழற்றாமல், ஒரு வாளியோடு வந்தார். இறகு இறகாக, பளபளவென்று, கொடி போல ஓடும் பாசி. பெண்ணைக் கட்டிக் கொடுப்பவர் மாதிரி என் கையில் கொடுத்துவிட்டுச் சொன்னார்:

“ரெண்டே விஷயம். விளக்கு அணையக் கூடாது. பகல் ராத்திரி எந்நேரமும் எரியணும். அப்புறம், வளர வளர கிள்ளிவிட்டுக்கிட்டே இருக்கணும். இல்லைன்னா ஒருநாள் திடீர்னு அப்படியே வெளுத்து, தண்ணிக்குள்ள வித்தைக் கக்கிட்டுச் செத்துரும். தொட்டி பூராம் பாலாயிரும்.”

அலமாரிக்குள் தலையை விட்டு, மணல் மேல் வேரைப் பரப்பி, மேலே சிறு கல் வைத்தேன். வேலை முடிந்த பிறகும் கையை வெளியே எடுக்கத் தோன்றவில்லை. தண்ணீருக்குள் கை எத்தனை நிதானமாக இருக்கிறது.

ஹெப்சி படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். எவ்வளவு நேரமாக என்று தெரியவில்லை.

“பேஷண்ட் சேர்ல லைட்டு மினுக்கு மினுக்குங்குது. ஆளைக் கூப்பிடச் சொல்லி ரெண்டு மாசமாச்சு” என்றாள்.

கூப்பிடுகிறேன் என்றேன். புது வளர்ப்பு விளக்கு என்ன அழகாக ஊதா வெளிச்சம் அடிக்கிறது என்று காட்டினேன்.

ஜூலை 10, வியாழன்

எலக்ட்ரீஷியன் வந்தான். விளக்கு அணையக் கூடாது என்பதால் இன்வர்ட்டர் இணைப்பை ஹெப்சியின் சிகிச்சை அறையிலிருந்து தொட்டிக்கு மாற்றினேன். தற்காலிகமாகத்தான். பெரிய பேட்டரி வாங்கியதும் இரண்டுக்கும் கொடுத்துவிடலாம். ஹெப்சியிடம் சொல்ல வேண்டும் என்றுதான் போனேன். அவள் கையில் நோயாளி இருந்தார்.

அவன் போன பிறகுதான் சேர் விளக்கு ஞாபகம் வந்தது.

பாசி ஒரு விரல் நீளம் வளர்ந்திருக்கிறது.

ஜூலை 13, ஞாயிறு

இன்னும் ஒரு விரல். ஜெபத்தில் மனம் நிற்கவில்லை.

ஜூலை 17, வியாழன்

இன்று பெரிய சோதனை. தொட்டி அதில் வென்றது.

ஆனி ஆடிக் காற்று தெரியும்தானே. எங்கோ கம்பி அறுந்து காலை பதினொரு மணிக்குத் தெரு முழுக்க மின்சாரம் போனது. புழுதிக்குப் பயந்து சன்னலெல்லாம் சாத்தியிருந்ததால் உள்ளே ஒரே இருட்டு. ஆனால் நம் தொட்டியில் ஒரு விளக்குகூட இமைக்கவில்லை. மோட்டார் ஓடியது. மீன்கள் ஓடின. இருட்டில் பவளங்கள் ஒளிர்வதைப் பார்த்துக் காத்திருந்தவர்கள் எல்லோரும் எழுந்து வந்து சுற்றி நின்றார்கள். குழுவுக்காக வீடியோ எடுத்துக்கொண்டிருந்தேன்.

உள்ளே ஹெப்சி, பிலோமினா டீச்சருக்கு வேர் சிகிச்சை செய்துகொண்டிருந்தாள். டீச்சருக்குப் பயந்த சுபாவம். பாதி வேலையில் எல்லாம் நின்றிருக்கிறது. ஹெப்சி உள்ளிருந்து கூப்பிட்டாள்.

“என்னங்க, இன்வர்ட்டருக்கு என்னாச்சு?”

“அது நல்லாத்தான் ஓடுது” என்றேன். உண்மையைத்தான் சொன்னேன்.

கொஞ்ச நேரத்தில் கையுறையோடு வெளியே வந்தாள். இருட்டறை நடுவில் எரியும் தொட்டியைப் பார்த்தாள். கூட்டத்தைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். பிறகு, “மாரிக்கனி, போன்ல டார்ச்சைப் போட்டுட்டு உள்ள வா” என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் போனாள். எச்சிலை உறிஞ்சும் சக்ஷன் ஓடாததால் டீச்சர் எழுந்து எழுந்து கிண்ணத்தில் துப்ப வேண்டியிருந்ததாம். அழுதுவிட்டார்களாம். மாரிக்கனி உள்ளிருந்தபடியே மறுபடி மறுபடி சொன்னாள். போன் வெளிச்சத்திலேயே ஹெப்சி கையாலேயே ஃபைல் போட்டு, வேரைச் சுரண்டிச் சுத்தம் செய்து முடித்துவிட்டாள். கெட்டிக்காரி.

மின்சாரம் நான்கு மணிக்கு வந்தது. ஒரு மீன்கூட மூச்சுத் திணறவில்லை. வீடியோவுக்குக் கொரேரா அண்ணன் ஏழு கைதட்டல் போட்டிருந்தார்.

ஜூலை 18, வெள்ளி

ஹெப்சி இன்வர்ட்டரைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. வேறு எதுவும்கூடப் பேசவில்லை. நல்ல குணம்.

ஜூலை 22, செவ்வாய்

சாப்பிடும்போது சொன்னாள்.

“எதிர்க்க இசக்கிராஜன் ஒரு ஆள் வேணும்னு கேட்டுக்கிட்டே இருந்தான். அடுத்த வாரத்துல இருந்து அங்க போறேன்.”

“எத்தனை நாளைக்கு?”

“போறேன்னுதான் சொல்லியிருக்கேன்.”

“நம்ம கிளினிக்?”

“நீங்க இருக்கீங்கல்லா.”

ரசம் ஊற்றினாள். இது ஒரு விரிவாக்கம் என்று எடுத்துக்கொள்ளலாம். ஒரே குடும்பம், தெருவின் இரு பக்கமும். சொல்லப்போனால் யாருக்கும் கிடைக்காத வாய்ப்பு.

ஜூலை 28, திங்கள்

ஹெப்சி வெள்ளைக் கோட்டைக் கையில் போட்டுக்கொண்டு காலையில் தெருவைக் கடந்து போனாள். சன்னல் வழியாகப் பார்த்தேன். அவளுக்கு ஒரு பையன் கதவைத் திறந்துவிட்டான்.

நம் கிளினிக்கில் ஆளில்லை. பனிமய மாதா திருவிழாக் கொடியேற்றியாகிவிட்டது. இந்தப் பத்து நாளும் ஊரே கோயிலில்தான் இருக்கும். பல் வலியைக்கூடத் தள்ளி வைப்பார்கள்.

நைட்ரேட் பாதியாகக் குறைந்துவிட்டது. பாசி இப்போது அடைக்கலத் தொட்டியின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை.

ஆகஸ்ட் 1, வெள்ளி

திருவிழா.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

திருவிழாவின் கடைசி நாள். ஊர்வலம் பார்க்கப் போகிறவர்கள் கும்பல் கும்பலாகத் தெருவில் போனார்கள். அதில் சிலர் எதிர்ப்பக்கக் கிளினிக்குக்குள் நுழைந்ததைப் பார்த்தேன். தண்ணீர் குடிக்கவாக இருக்கும்.

ஆகஸ்ட் 8, வெள்ளி

திருவிழா முடிந்த களைப்பு போல.

யாராவது உள்ளே வந்தால் மாரிக்கனி, “டாக்டரம்மா எதிர்க்க இருக்காங்க” என்று கையை நீட்டுகிறாள். அவள் வேலை இப்போது அவ்வளவுதான். மீதி நேரத்தில் ஒயர்க்கூடை பின்னுகிறாள்.

“ஏன் எல்லாரையும் அங்க அனுப்புற? நான் இருக்கேன்ல?” என்று கேட்டேன்.

மாரிக்கனி கூடையைக் கீழே வைத்தாள். “சரி சார். அடுத்து வாரவங்களை ஒங்ககிட்ட அனுப்புதேன்.”

அடுத்து ஒரு உப்பள மேஸ்திரி வந்தார். கடைவாயில் ஓட்டை. சேரில் உட்காரவைத்து, முகமூடி போட்டு, கண்ணாடியைக் கையில் எடுத்தேன். அவர் வாயைத் திறந்தார். கண்ணாடி பல்லில் தட்டிக்கொண்டே இருந்தது, டக் டக்கென்று. அவர் கண்ணை உருட்டி என்னைப் பார்த்தார்.

சேர் விளக்கு மினுக்குவதால் சரியாகத் தெரியவில்லை என்று சொல்லி எதிர்ப்பக்கம் அனுப்பிவைத்தேன். விளக்குக்கு ஆளைக் கூப்பிட வேண்டும்.

ஆகஸ்ட் 11, திங்கள்

குழுவில் ‘இம்மாதத்தின் சிறந்த பாசி’ பரிசு எனக்கு. கொரேரா அண்ணன் புதிதாக ஏற்படுத்திய பரிசு. கூடவே தனியாக ஒரு குரல் செய்தியும் அனுப்பியிருந்தார்: “தம்பி, ரொம்ப அடசலா இருக்கு. கிள்ளிவிடு. நான் சொன்னது ஞாபகம் இருக்கா?”

பொறாமை. அவர் தொட்டியில் இவ்வளவு அடர்த்தி இல்லை.

எப்படிக் கிள்ளுவது? ஒவ்வொரு இறகையும் எனக்குத் தெரியும். அங்கே குனிந்து பார்த்தால் நத்தைக் குஞ்சுகளும் இறால் போன்ற பூச்சிகளும் ஆயிரக்கணக்கில் நெளிகின்றன. எதற்கும் அங்கே பயமில்லை. யாரும் அவற்றிடம் எதுவும் கேட்டு வருவதில்லை.

ஆகஸ்ட் 14, வியாழன்

தொட்டி பாலாகிவிட்டது.

காலையில் இறங்கி வரும்போதே மீன் தெரியவில்லை. அலமாரியைத் திறந்தேன். பாசி முழுவதும் கண்ணாடி போல வெளுத்து, தொட்டால் கரைந்தது. ஒரே ராத்திரியில்.

கையில் அகப்பட்ட வாளியெல்லாம் எடுத்தேன். புதுத் தண்ணீர் கரைக்க நேரமில்லை. கொரேரா அண்ணனுக்குப் போன் போட்டால் எடுக்கவில்லை. மாரிக்கனியை எதிர்ப்பக்கம் ஓடச் சொன்னேன். திரும்பி வந்தாள்.

“டாக்டரம்மா ஒரு பிள்ளைக்குப் பல்லு எடுத்துக்கிட்டிருக்காங்க. முடிச்சுட்டு வாராங்களாம்.”

“மீன் சாகுதுன்னு சொன்னியா?”

“சொன்னேன் சார்.”

வலையில் மீனைப் பிடிக்க வேண்டும். இரண்டு முறை வலையைப் போட்டேன். கை சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. கடைசியில் மாரிக்கனி வலையை என்னிடமிருந்து வாங்கி ஒரு கோமாளியைப் பிடித்து ஐஸ்கிரீம் டப்பாவில் போட்டாள். மற்றது பாறைக்கடியில் கிடந்தது.

ஹெப்சி வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. தரையெல்லாம் தண்ணீர். அவள் செருப்பைக் கழற்றிவிட்டு, துடைப்பத்தை எடுத்துத் தள்ளினாள். நான் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். செத்த மீனை என் கையிலிருந்து வாங்கும்போது என் விரல்களைக் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டாள். ஏன் என்று தெரியவில்லை. பிறகு தெருவைக் கடந்து போய்விட்டாள், அங்கே ஆட்கள் காத்திருக்கிறார்களாம்.

ஆகஸ்ட் 15, வெள்ளி

விடுமுறை. கொரேரா அண்ணன் வந்தார். வெறும் தொட்டியைப் பார்த்துவிட்டு, “நான் அப்பவே சொன்னேன்லா” என்றார். இதைச் சொல்லத்தான் துறைமுகத்திலிருந்து வெயிலில் வந்திருக்கிறார். காப்பி குடித்துவிட்டு, டப்பாவில் பிழைத்துக் கிடந்த கோமாளியைத் தன் தொட்டிக்கு எடுத்துக்கொண்டு, “புதுசா ஆரம்பிச்சிரலாம், என்கிட்ட இன்னும் பாசி இருக்கு” என்றார்.

பார்க்கலாம் என்றேன்.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

கீழ்த் தாடையில், வலப்பக்கம், கடைசிக்கு முந்தின பல். நேற்றிலிருந்து விண் விண்ணென்று தெறிக்கிறது. குளிர்ந்த தண்ணீர் பட்டால் காதுவரை ஏறுகிறது. தொட்டி கவலையில் தூக்கம் கெட்டதால் இருக்கும்.

என் அறைக்குப் போய், முகம் பார்க்கும் கண்ணாடிக்கு முன்னால் நின்று, வாய்க் கண்ணாடியால் பார்க்க முயன்றேன். இரண்டு கண்ணாடியும் ஒரு நிலையில் நிற்கவில்லை.

கிராம்பு எண்ணெய் வைத்தேன்.

ஆகஸ்ட் 20, புதன்

கிராம்பு எண்ணெயை நோயாளிகளுக்கு இனி யாரும் சொல்லக் கூடாது.

இரவுச் சாப்பாட்டை நான் ஒரு பக்கமாக மெல்வதை ஹெப்சி பார்த்துக்கொண்டிருந்தாள்.

“எந்தப் பல்லு?”

“ஒண்ணுமில்ல.”

“காலையில வாங்க. டோக்கன் போட்டு வைக்கேன்.”

“மாடியிலேயே பாரேன்.”

“மாடியில சேர் இல்ல. கீழ சேர்ல லைட்டு இல்ல.”

ஆகஸ்ட் 21, வியாழன்

இது தொட்டியைப் பற்றிய குறிப்பு இல்லை. இருந்தாலும் எழுதுகிறேன்.

காலையில் தெருவைக் கடந்தேன். உள்ளே ஏழெட்டுப் பேர். எல்லோரும் எனக்குத் தெரிந்த பற்கள். பிலோமினா டீச்சர் எழுந்து இடம் கொடுக்கப் பார்த்தார்கள், வேண்டாமென்று ஓரமாக உட்கார்ந்தேன். உப்பள மேஸ்திரி, “டாக்டருக்கே பல்லா?” என்று கேட்டுவிட்டுத் தானே வருத்தப்பட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். இசக்கிராஜன் வெளியே வந்து என்னைப் பார்த்ததும் சட்டென்று நிமிர்ந்தான். “சார், நீங்க நேரா உள்ள போயிருக்கலாமே” என்றான். டோக்கன்படி வருகிறேன் என்றேன். அவன் என்ன செய்வதென்று தெரியாமல் மின்விசிறியைக் கூட்டி வைத்தான்.

என் முறை வந்தது. ஹெப்சியைச் சேரிலிருந்து நான் இதுவரை பார்த்ததில்லை. முகமூடிக்கு மேலே கண் மட்டும்.

“வேர் சிகிச்சைதான். ஊசி போடுதேன். வலிச்சா இடது கையைத் தூக்குங்க” என்றாள். எல்லோருக்கும் சொல்வதுதான். நானும் எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறேன்.

ஊசி போட்டாள். தாடையும் நாக்கும் மரத்துப்போயின. வாய்க்குள் பஞ்சு வைத்து, ரப்பர் விரித்து, கிளிப் மாட்டினாள். இனி என்னால் ஒரு வார்த்தை பேச முடியாது. அதுவரை காத்திருந்தவள் போல, அதன் பிறகுதான் அவள் பேசினாள். கை வேலையை நிறுத்தவில்லை.

“இன்வர்ட்டருக்காகத்தான் நான் இங்க வந்தேன்னு நெனச்சுக்கிட்டிருப்பீங்க. அதுக்கில்ல. அன்னைக்கு இருட்டுல எல்லாரும் மீனைப் பாத்துக்கிட்டு நின்னாங்க, அவங்க காத்திருக்க வந்தவங்க. நீங்களும் பாத்துக்கிட்டு நின்னீங்க. உள்ள ஒருத்தி அழுதுக்கிட்டிருக்கான்னு ஒங்களுக்குத் தெரியும். வந்து டார்ச்சைப் பிடிச்சிருந்தா போதும்.”

ஃபைலை மாற்றினாள்.

“ஏன் வரலைன்னும் எனக்குத் தெரியும். டார்ச்சைப் பிடிச்சா வெளிச்சம் ஆடும்.”

நான் மேலே விளக்கைப் பார்த்தேன். ஆடாமல் எரிந்தது.

“போன வருஷம் கிறிஸ்மஸ்ல இருந்து. மொதல்ல உப்புப் பாக்குற கருவியில சொட்டு விட மாரிக்கனி. அப்புறம் செக்குல கையெழுத்துக்கு நான். பேஷண்ட் வந்தா தொட்டியில கை. நான் என்ன குருடா? ஒவ்வொரு தடவையும் சொல்லுவீங்கன்னு பாத்தேன். கேட்டா கோவப்படுவீங்கன்னு விட்டேன். அது என் தப்பு. ஆனா ஒங்க பேஷண்ட், என் பேஷண்ட் எல்லாரையும் ஒருத்தியா பாத்து, கழுத்து ஒடிஞ்சு மேல வந்தா, பாசி எவ்வளவு வளந்திருக்குன்னு சொல்லுவீங்க.”

ஃபைலைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் திருகினாள். கல்லூரியில் எனக்கு ஜூனியர் அவள். இந்த விரல் அசைவைச் சொல்லிக் கொடுத்தது நான்தான். என்னைவிட நன்றாகச் செய்கிறாள்.

“திருநெல்வேலியில நரம்பு டாக்டர்கிட்ட சனிக்கிழமைக்கு அப்பாயின்ட்மென்ட் வாங்கியிருக்கேன். சும்மா நடுக்கமாவும் இருக்கலாம், வேற எதுவாவும் இருக்கலாம். நான் கூட வருவேன். நீங்க வரலைன்னாலும் நான் பஸ் ஏறிப் போய் அங்க உக்காந்திருப்பேன்.”

நான் இடது கையைத் தூக்கினேன்.

அவள் உடனே நிறுத்தினாள். “வலிக்குதா?”

வலி ஒன்றும் இல்லை. ஊசி நன்றாகவே வேலை செய்திருந்தது. கை அந்தப் பெரிய விளக்கின் நேர் கீழே நின்று, மறைக்க எதுவும் இல்லாமல், தன் பாட்டுக்கு நடுங்கிக்கொண்டிருந்தது. இரண்டு பேரும் அதைப் பார்த்தோம். இறக்கிவிடலாம் என்று தோன்றியது. இறக்கவில்லை.

அவளே பிடித்து மெல்ல இறக்கி, சேரின் கைப்பிடியில் வைத்தாள். கொஞ்ச நேரம் தன் கையை அதன் மேலேயே வைத்திருந்தாள். பிறகு கையுறையை மாற்றிக்கொண்டு வந்தாள்.

“இன்னும் கொஞ்சம் திறங்க” என்றாள்.

முடிந்ததும், இரண்டு மணி நேரத்துக்கு எதுவும் சாப்பிட வேண்டாம், அப்புறமும் கஞ்சிதான் என்றாள். இன்னும் ஒரு சிட்டிங் இருக்கிறதாம். வெளியே அடுத்த டோக்கனைக் கூப்பிட்டார்கள். ஹெப்சி என் கழுத்துத் துண்டை அவிழ்த்துவிட்டு உள்ளே வந்தவரைப் பார்க்கத் திரும்பினாள்.

வீட்டுக்கு வந்தேன். மாரிக்கனியிடம் வாசல் பலகையில் என் பெயருக்குக் கீழே, ‘டாக்டர் விடுப்பில்’ என்று ஒரு அட்டை தொங்கவிடச் சொன்னேன். எத்தனை நாளைக்கு என்று கேட்டாள். தெரியாது என்றேன். அப்படிச் சொல்லி எத்தனை காலமாயிற்று என்று தெரியவில்லை.

பிறகு மாடிக்குப் போய்க் கஞ்சிக்கு அரிசியைக் கழுவி அடுப்பில் வைத்தேன். கழுவும்போது கொஞ்சம் சிந்தியது. கூட்டி எடுத்துவிட்டேன்.

மத்தியானம் ஹெப்சி வந்தாள். செருப்பைக் கழற்றியபடியே அடுப்பங்கரையைப் பார்த்தாள்.

“ரெண்டு பேருக்கா வச்சீங்க?”

தலையாட்டினேன். வாய் இன்னும் மரத்துத்தான் இருந்தது.

நேரத்தைப் பார்த்தேன். கடிகாரத்தில் ஒரு மணிகூட ஆகவில்லை. அவள் இரண்டு தட்டையும் எடுத்து வைத்துவிட்டு உட்கார்ந்தாள்.

“நானும் ஒங்க கூடவே சாப்பிடுதேன். வாய் சரியாகட்டும்” என்றாள்.